வலுத்த கையின் விலை: இருபத்தெட்டு முதல் இணையப் போக்கர் வரை

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகச் சென்று, கல்லாற்றைக் கடந்து 22 கொண்டையூசி வளைவுகளை ஏறினால் பொன்முடி. ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரம். திருவிதாங்கூரின் மலைத்தோட்டங்களுக்குத் தமிழ்ப் பகுதிகளிலிருந்து கங்காணிகள் வழியே ஆட்கள் வந்துசேர்ந்த காலம் தொட்டு, இந்த மலைத்தொடரின் தேயிலைச் சரிவுகளில் தமிழும் மலையாளமும் ஒன்றையொன்று உரசியே வாழ்ந்துவருகின்றன. 'லைன்' என்ற ஆங்கிலச் சொல் 'லயம்' ஆனது இத்தகைய தோட்டங்களில்தான். இலங்கை மலையகத்திலும் அதே சொல், அதே பொருளில். மொழி எல்லைகளைப் பொருட்படுத்தாமல் இந்நிலப்பரப்பில் பரவிய இன்னொன்றும் உண்டு. அது 'இருபத்தெட்டு' என்னும் சீட்டாட்டம்.

சீட்டாட்டத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அட்டைகளின் வரலாற்றையே எழுதுகின்றனர். அட்டைகளைவிட ஆழமான ஒரு சிக்கல் எல்லாச் சீட்டாட்டங்களுக்கும் பொதுவாக உள்ளது. வலுத்த கை ஒன்று வந்துவிட்டது. அதற்கு எவ்வளவு விலை பெறலாம்? மிகையாகக் கேட்டால் எதிராளி விலகிவிடுவார், அல்லது கேட்டதை அடைய முடியாமல் போகும். குறைவாகக் கேட்டால் கை வீணாகும். இன்றைய இணையப் போக்கர் பயிற்சியாளர்கள் முதலில் கற்பிக்கும் பாடம் இதுதான். ஆனால் பொன்முடியின் அடிவாரத்தில், யாழ்ப்பாணத்தில், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வாழ்ந்த மக்கள் போக்கர் என்ற சொல்லைக் கேள்விப்படுவதற்கு முன்பே இச்சிக்கலுக்கு ஒரு விடை வைத்திருந்தனர். அவ்விடைக்கும் போக்கரின் விடைக்கும் உள்ள வேறுபாடு, கடந்த சில ஆண்டுகளாக நம் உயர்நீதிமன்றங்கள் விவாதித்துவரும் 'திறனா, தற்செயலா' என்ற வழக்கை வேறொரு கோணத்தில் காட்டுகிறது.

முதலில் ஆட்டம். இருபத்தெட்டில் நால்வர், இரண்டு அணிகள், ஏழு முதல் மேலுள்ள 32 சீட்டுகள். ஜாக்கிக்கு மூன்று புள்ளி, ஒன்பதுக்கு இரண்டு, ஆசுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. ராஜாவுக்கும் ராணிக்கும் எதுவுமில்லை. ராஜாவையும் ராணியையும் விட ஒன்பதும் பத்தும் பெரியவை என்ற இந்த ஒழுங்கு புதியவரைத் திகைக்க வைக்கும். ஆளுக்கு நான்கு சீட்டுகள் கொடுத்தவுடன் ஏலம் தொடங்குகிறது. குறைந்தது 14இல் தொடங்கி, தம் அணி எத்தனை புள்ளி எடுக்கும் என்று ஒவ்வொருவரும் கேட்க வேண்டும். உயர்ந்த எண்ணைக் கேட்டவர் தம் கையிலிருந்து ஒரு சீட்டைக் கவிழ்த்து வைக்கிறார். அதன் இனமே துருப்பு. அதன் பிறகுதான் மீதி நான்கு சீட்டுகள் வருகின்றன. அதாவது பாதிக் கையைப் பார்த்து முழுக் கைக்கு விலை சொல்ல வேண்டும்.

இங்கே வலுத்த கைக்கு விலை கிடைக்கும் வழி கவனிக்கத்தக்கது. ஒரே இனத்தின் ஜாக்கியும் ஒன்பதும் முதல் நான்கிலேயே கிடைத்தவர் அதை முற்றிலும் ஒளித்து வைத்துக்கொண்டு பயனடைய முடியாது. கேட்டாக வேண்டும், உரக்கக் கேட்டாக வேண்டும். கேட்ட எண்ணே ஓர் ஒப்பந்தம். அதை எட்டாவிட்டால் இழப்பு கேட்டவருடைய அணிக்கு. பல குழுக்களில் தோற்றால் இழப்பது, வென்றால் பெறுவதை விட அதிகம். எதிரணியினர் வேண்டுமென்றே எண்ணை ஏற்றிவிட்டு, கேட்டவரை எட்டாத உயரத்துக்குத் தள்ளவும் முடியும். ஆக, கையின் வலுவை வெளிப்படையாக அறிவித்து, அந்த அறிவிப்புக்குத் தானே பிணை நிற்பதுதான் இருபத்தெட்டின் முறை. ஒளிக்கப்படுவது ஒன்றே ஒன்று: வலு எந்த இனத்தில் என்பது.

இவ்வாட்டம் எங்கிருந்து வந்தது என்பதை ஒப்பீட்டு மொழியியலின் முறையாலேயே ஓரளவு மீட்டெடுக்கலாம். இலங்கைத் தமிழர் ஆடும் 'முந்நூற்று நான்கு' இதன் உடன்பிறப்பு. அதில் ஜாக்கி 30, ஒன்பது 20, ஆசு 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. ஓர் இனத்துக்கு 76. நான்கு இனங்களுக்கு 304. இப்போது ஒவ்வொரு மதிப்பிலும் கடைசி இலக்கத்தை அழித்துப் பாருங்கள். 30 மூன்றாகிறது, 20 இரண்டாகிறது, 11ம் 10ம் ஒன்றாகின்றன, 3ம் 2ம் மறைந்துவிடுகின்றன. ஓர் இனத்துக்கு 7, நான்குக்கு 28. சொல்லின் இறுதி அசை தேய்வதுபோல எண்ணின் இறுதி இலக்கம் தேய்ந்திருக்கிறது. ராஜாவும் ராணியும் ஏன் மதிப்பிழந்தனர் என்ற திகைப்புக்கு இந்தத் தேய்வே எளிய விளக்கம். (கேரளத்தில் இரண்டு கட்டுச் சீட்டுகளை வைத்து ஆடும் 'ஐம்பத்தாறு' இதன் இரட்டிப்பு என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.)

மூன்றாவது உறவு கடல் கடந்தது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் நேட்டால் துறைமுகத்தை அடைந்தது முதல், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழரும் தெலுங்கரும் சென்றனர். அவர்களின் வழிவந்தோர் டர்பனில் இன்றும் 'துனீ' என்ற ஆட்டத்தை ஆடுகின்றனர். அங்கும் 30, 20, 11, 10, 3, 2. அங்கும் மொத்தம் 304. மிக வலுத்த கை வந்தவர், எல்லாப் பிடிகளையும் தாமே எடுப்பதாக அறைகூவும் சொல்லே ஆட்டத்தின் பெயரும் ஆகும். அது 'தண்ணி' என்ற சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்லும் வழக்கம் உண்டு. உயிரொலியும் பொருந்தவில்லை, பொருளும் பொருந்தவில்லை. 'துணி' என்ற ஏவல் வினை இரண்டு வகையிலும் இதைவிட நெருங்கி நிற்கிறது. கருதுகோள் என்ற அளவில் மட்டுமே இதை முன்வைக்கலாம். ஆயினும் தண்ணியை விடத் துணிவு ஏற்கத்தக்கது.

யாழ்ப்பாணம், கேரளம் இரண்டுக்கும் பொதுவான ஐரோப்பியத் தொடர்பு டச்சுக்காரர். யாழ்ப்பாணம் 1658இலும் கொச்சி 1663இலும் அவர்கள் கைக்குச் சென்றன; இரண்டும் 1795இல் ஆங்கிலேயரிடம் வந்தன. நெதர்லாந்தின் 'கிளாவர்யாஸ்' ஆட்டத்தில் துருப்பு ஜாக்கி 20, துருப்பு ஒன்பது 14. ஆசு 11, பத்து 10, ராஜா 4, ராணி 3. இவற்றுள் ஆசு, பத்து இரண்டின் எண்களும் யாழ்ப்பாணத்து எண்களே. ஜாக்கியும் ஒன்பதும் ஆசை விடப் பெரியவை என்ற விந்தையும் அங்கிருந்தே.

சொற்களும் இதையே சொல்கின்றன. ஆங்கிலத்தில் 'கிளப்' எனப்படும் இனத்தைத் தமிழர் 'கிளாவர்' என்கின்றனர். டச்சில் அது 'கிளாவர்' தான். இதய வடிவ இனம் தமிழில் 'ஆட்டின்'. டச்சு 'ஹார்ட்டன்' என்பதன் ஈற்று னகரத்தை ஆங்கில 'ஹார்ட்ஸ்' விளக்காது. 'துருப்பு' என்ற சொல்லும் அப்படியே. ஆங்கில 'ட்ரம்ப்' தமிழுக்கு வந்திருந்தால் 'ம்ப்' என்ற மெல்லின வல்லின இணைப்பை இழக்கக் காரணமே இல்லை. தமிழுக்கு மிக இயல்பான இணைப்பு அது. போர்த்துகீசிய 'த்ருன்ஃபு'விலும் மெல்லினம் உண்டு. மெல்லினமே இல்லாத டச்சு 'த்ரூஃப்' தான் 'துருப்பு' ஆவதற்குத் தடையற்ற வழி. ('படை' என்ற பொருளிலுள்ள துருப்பு வேறு, அது ஆங்கில 'ட்ரூப்'.) 'டைமன்' மட்டும் ஐயத்துக்கு இடமின்றி ஆங்கிலப் படிவு. ஏலம் என்ற சொல்லோ போர்த்துகீசிய 'லெய்லாவ்' வழிவந்தது. ஒரு கட்டுச் சீட்டைச் சுற்றி மூன்று வணிகப் பேரரசுகளின் எச்சம். 1741இல் குளச்சலில் தோற்று மார்த்தாண்ட வர்மரின் படையிலேயே தளபதியான டி லனோயின் உதயகிரிக் கல்லறையில் லத்தீனும் தமிழும் அருகருகே பொறிக்கப்பட்டிருப்பதைக் கண்டவர்களுக்கு, இக்கலப்பு வியப்பளிக்காது.

டச்சு ஆட்டம் தெற்கே வந்து அடைந்த மாற்றம் ஒன்றே இக்கட்டுரைக்கு முதன்மையானது. கிளாவர்யாஸில் ஜாக்கியும் ஒன்பதும் துருப்பு இனத்தில் மட்டுமே உயர்ந்தவை. தெற்கத்திய ஆட்டங்களில் அவை நான்கு இனங்களிலும் உயர்ந்தவை. மொழியியலார் இதை ஒப்புமையாக்கம் என்பர். விதிவிலக்கான வடிவம் விதியாகப் பரவுதல். ஆனால் ஒப்புமையாக்கம் காரணமின்றி நிகழ்வதில்லை. துருப்பைக் கவிழ்த்து மறைத்து வைக்கும் வழக்கம் தெற்கின் இருபத்தெட்டுக்கும் முந்நூற்று நான்குக்கும் பொது. துருப்பு எது என்றே தெரியாதபோது, துருப்பைப் பொறுத்துச் சீட்டின் தரம் மாறுமானால் எந்தப் பிடியை யார் வென்றார் என்றே சொல்ல முடியாது. எனவே தரம் எல்லா இனங்களுக்கும் ஒன்றாக வேண்டியிருந்தது என்று கருத இடமுண்டு. வலுவை எவ்வளவு அறிவிப்பது, எவ்வளவு மறைப்பது என்ற வினாவுக்காக ஓர் ஆட்டத்தின் இலக்கணமே மாறியிருக்கிறது.

போக்கர் இவ்வினாவுக்கு நேர்மாறான விடை சொல்கிறது. அங்கே ஒப்பந்தம் இல்லை. கையைப் பற்றி எதுவும் அறிவிக்க வேண்டியதில்லை. பணத்தை முன்னே தள்ளுவதே பேச்சு. நடுவில் 100 ரூபாய் இருக்கிறது, கடைசிச் சீட்டும் திறந்தாயிற்று, ஒருவர் கையில் ஏறத்தாழ வெல்ல முடியாத கை இருக்கிறது என்று கொள்வோம். அவர் 30 ரூபாய் பந்தயம் வைத்தால் எதிராளி பத்துக்கு ஆறு முறை இணைப்பணம் வைத்துக் கையைப் பார்ப்பார். சராசரிக் கூடுதல் வரவு 18 ரூபாய். 80 வைத்தால் பத்துக்கு மூன்று முறைதான் பார்ப்பார். ஆனால் வரவு 24. எதிராளி விலகிவிடுவாரே என்ற அச்சத்தில் சிறிதாக வைப்பதே பழகாதவர்கள் செய்யும் பெரும்பிழை. இதன் மறுபக்கமும் உண்டு. பந்தயத்தை ஏற்று நிற்கும் கைகளுள் பாதிக்கு மேல் தம் கையைவிடத் தாழ்ந்தவையாக இருந்தால்தான், கடைசியாகப் பேசுபவருக்கு அப்பந்தயம் லாபம். எனவே கேள்வி 'என் கை வலுவானதா' என்பதன்று. 'எந்தத் தாழ்ந்த கைகள் எனக்குப் பணம் தரும்' என்பது.

இதற்குக் கணித வடிவம் கொடுத்தவர் ஜான் வான் நாய்மன். 1928இல் ஆட்டக் கோட்பாட்டின் அடிப்படைத் தேற்றத்தை நிறுவிய அவர், 1944இல் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னுடன் வெளியிட்ட பெருநூலில் போக்கரின் எளிய மாதிரி ஒன்றை ஆராய்ந்தார். மிக வலுத்த கைகளோடும் மிக மெலிந்த கைகளோடும் பந்தயம் வைக்க வேண்டும். நடுத்தரக் கைகளோடு அமைதி காக்க வேண்டும் என்பது விடை. மெலிந்த கையோடு வைக்கும் பொய்ப் பந்தயம் வீரச்செயல் அன்று. அது வலுத்த கைக்கு வாங்கித் தரப்படும் விளம்பரம். நடுவிலுள்ள தொகைக்குச் சமமாகப் பந்தயம் வைப்பவர் இரண்டு மெய்க் கைகளுக்கு ஒரு பொய்க் கை என்ற விகிதத்தைக் காத்தால், எதிராளி நின்றாலும் விலகினாலும் அவருக்குப் பயன் ஒன்றே. பொய்யே சொல்லாதவரின் வலுத்த கைக்கு யாரும் பணம் தரமாட்டார்கள். இருபத்தெட்டில் கேட்பு ஒரு வாக்குறுதி; போக்கரில் பந்தயம் வாக்குறுதியைப்போலத் தோற்றமளிக்கும் ஒன்று.

இத்தனையும் திறன் என்பதில் ஐயமில்லை. 2015இல் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தினர் இருவர் ஆடும், பந்தய அளவு வரையறுக்கப்பட்ட போக்கர் வகைக்கு ஏறத்தாழ முழுமையான தீர்வைக் கணினியால் கண்டனர். வெறும் தற்செயலுக்கு இத்தகைய உத்தித் தீர்வு தேவைப்படாது. ஆனால் இந்தத் திறன் எதை விளைக்கிறது? ரம்மியில் திறன் என்பது தன் கையைச் சேர்ப்பது. போக்கரில் வலுத்த கையிடமிருந்து உயர்ந்த விலை பெறும் திறன் என்பது, வரையறைப்படியே, தாழ்ந்த கையுடையவரைத் தவறான இடத்தில் பணம் வைக்கச் செய்யும் திறன். ஒருவருடைய வரவு மற்றவரின் பிழை. எனவே 'இது திறன் ஆட்டம். ஆகவே தீங்கற்றது' என்ற வாதத்தில் 'ஆகவே' என்ற சொல் பொருத்தமற்றது. இங்கே திறன் இழப்புக்கு எதிர்ச்சொல் அன்று. இழப்பை நடத்தித்தருவதே திறன்.

நீதிமன்றங்களின் வரலாற்றை இந்த இடத்திலிருந்து பார்க்கலாம். 1968இல் ஆந்திர மாநில அரசுக்கும் கே. சத்தியநாராயணாவுக்கும் இடையிலான வழக்கில், ரம்மி பெரும்பாலும் திறன் சார்ந்தது என்றது உச்சநீதிமன்றம். விழுந்த சீட்டுகளை நினைவில் கொள்ள வேண்டும், எதை வைப்பது எதை விடுவது என்று தேர வேண்டும் என்பது அதன் காரணம். அதற்குப் பிந்தைய வழக்கறிஞர்கள் அனைவரும் மேற்கோள் காட்டும் பகுதி அது. அதே தீர்ப்பின் இன்னொரு பகுதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பணத்துக்கு ஆடும் ஆட்டத்திலிருந்து மனையின் உரிமையாளரோ மன்றமோ லாபம் ஈட்டுவதற்குச் சான்றிருந்தால் குற்றம் நிலைநாட்டப்படலாம் என்றும் அத்தீர்ப்பு கூறியது.

இணையத்தில் அந்த மனை உரிமையாளர் ஒவ்வோர் ஆட்டத்திலும் அமர்ந்திருக்கிறார். கணக்குக்காக, ஆறு பேர் ஆளுக்கு 1,000 ரூபாயுடன் அமர்வதாகவும், சராசரி 100 ரூபாய்க் குவியலிலிருந்து தளம் 5 ரூபாய் கழித்துக்கொள்வதாகவும், மணிக்கு 60 ஆட்டங்கள் நடப்பதாகவும் கொள்வோம். அறுவரும் சமத் திறனாளர்களாயினும் 20 மணி நேரத்தில் 6,000 ரூபாயும் தளத்துக்குச் சென்றிருக்கும். மேசையில் தொடர்ந்து வெல்லும் ஒருவர் இருக்க வேண்டுமானால், இக்கழிவையும் ஈடுகட்டும் அளவுக்குத் தோற்பவர் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

2020இன் இறுதியில் திருவனந்தபுரம் மாவட்டத்தில், இணைய ரம்மியில் பெருங்கடன் பட்ட இளைஞர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். 2021 பிப்ரவரியில் கேரள அரசு, 1960ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தின் கீழ், பணம் வைத்து ஆடும் இணைய ரம்மிக்கு விலக்கில்லை என்று அறிவிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கேரள உயர்நீதிமன்றம் அவ்வறிவிக்கையை நீக்கியது. திறன் ஆட்டம் இணையத்தில் ஆடப்படுவதால் தன்மை மாறிவிடாது என்பது சாரம். தமிழ்நாட்டிலும் இதே சுற்று. 2021ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் தடையைச் சென்னை உயர்நீதிமன்றம் ஆகஸ்டு 3 அன்று நீக்கியது. பின்னர் நீதிபதி சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கை, 2022ஆம் ஆண்டுச் சட்டம், அதன் அட்டவணையில் ரம்மியும் போக்கரும் தற்செயல் ஆட்டங்களாகப் பெயர் சுட்டப்பட்டமை. 2023 நவம்பரில் அச்சட்டம் பொதுவாக நிலைபெற்றது; ஆனால் அவ்விரண்டும் திறன் ஆட்டங்களே என்று அட்டவணை மட்டும் கைவிடப்பட்டது. இதற்கு மாறாக, குஜராத் உயர்நீதிமன்றம் 2017இல் போக்கரைச் சூது என்றே கொண்டிருந்தது.

அரசுகள் இத்தனை முறை தோற்றதற்குக் காரணம், அவை தவறான வாதத்தைத் தேர்ந்தெடுத்தமையே எனத் தோன்றுகிறது. போக்கர் தற்செயல் ஆட்டம் என்று நிறுவ முயன்றன, அது அப்படியன்று. நீதிமன்றங்கள் திறனைக் கண்டன, கண்டது சரி. வலுத்த கையின் விலையை யார் தருகிறார், எந்தப் பணத்திலிருந்து தருகிறார் என்பது திறன், தற்செயல் என்ற இரண்டு பெட்டிகளிலும் அடங்காத வினா.

இருபத்தெட்டில் அதற்குத் தெளிவான விடை உண்டு. தொடர்ந்து தோற்றுப் புள்ளிகளை எல்லாம் இழந்த அணியினர் காதில் 'குணுக்கு' அணிய வேண்டும். காது வளர்க்கத் தொங்கவிடும் பாரத்துக்குத் தமிழிலும் மலையாளத்திலும் அதுவே பெயர். ஆட்டத்தில் அது மடித்த காகிதமாகவோ கைக்குக் கிடைத்த ஏதேனும் ஒன்றாகவோ இருக்கும். மிகையாகக் கேட்டதன் தண்டனை, சுற்றியிருப்போரின் சிரிப்பு. அடுத்த ஆட்டங்களில் வென்றால் குணுக்கைக் கழற்றிவிடலாம். நால்வருக்கும் நால்வர் முகமும் தெரியும். விலை தந்தவர் யாரென்று காதைப் பார்த்தாலே தெரியும்.

2025 ஆகஸ்டு 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற இணைய விளையாட்டு ஊக்குவிப்பு, ஒழுங்குமுறைச் சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டத்தை வரையறுக்கும்போது, அது திறனைச் சார்ந்ததா, தற்செயலைச் சார்ந்ததா, இரண்டையுமா என்பது பொருட்டன்று என்று சொல்லி எல்லாவற்றையும் ஒருசேரத் தடைசெய்தது. 1957 முதல் கட்டப்பட்டுவந்த வேறுபாட்டை ஒரு துணைவாக்கியம் ஒதுக்கிவைத்தது. நாட்டின் முன்னணிப் போக்கர் தளங்கள் பண மேசைகளை மூடின. பல உயர்நீதிமன்றங்களில் தொடுக்கப்பட்ட எதிர் வழக்குகள் செப்டம்பரில் உச்சநீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன. மனுதாரர் தரப்பின் முதல் வாதம் 1968ஆம் ஆண்டுத் தீர்ப்பின் வழிவந்த அதே வாதம்: இது திறன் ஆட்டம்.